எல்லாம் தெரிந்தும் சாப்பாட்டை மாற்ற முடியவில்லை என்றால், அது என் தப்பா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வரைக்கும் இங்கே திருப்பிச் சொல்லிவிடுகிறேன். வயது 43, கணக்கு எழுதும் வேலை, சுகர் வந்து இரண்டு வருடம், ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 8.1 சதவீதம். எதைச் சாப்பிடலாம், எதைக் கூடாது என்பதெல்லாம் மனப்பாடம். மூன்று வாரம் கச்சிதமாக இருப்பீர்கள், நடுவில் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ வரும், அதோடு சரி, அடுத்த ஒரு மாதம் பழைய கதைதான். டாக்டர் "எல்லாம் உங்க கையிலதான் இருக்கு" என்கிறார். வீட்டில் "வாயைக் கட்ட முடியலேன்னா நான் என்ன பண்றது" என்கிறார்கள். அண்ணன் "அப்பாவுக்கும் இருந்துச்சு, வந்தது வந்துருச்சு, விடுடா" என்கிறார். மூன்று பேரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "சாப்பிட்டு முடிச்சதும் என் மேலேயே வெறுப்பா வருது" என்று போட்டிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகத் தெரிகிறது. அதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 19 வருடமாக டயட்டீஷியன். முதல் ஒன்பது வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், அதற்கப்புறம் ஈரோட்டுப் பக்கம் சொந்தமாக. நான் டாக்டர் இல்லை, உங்கள் ரிப்போர்ட்டையும் பார்க்கவில்லை. மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் செல்லும். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உரிமையோடு பேசுவேன்.

முதலில் அண்ணன் கட்சி. அவர் சொல்வதை அப்படியே தள்ளிவிட முடியாது. அப்பா, அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நம் ஊர்க்காரர்கள் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் உடம்பு. அதனால்தான் மற்ற நாடுகளில் பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 25 தாண்டினால் கூடுதல் எடை என்றால் நமக்கு 23லேயே கோடு போட்டுவிடுகிறார்கள். ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க எடுத்து 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்னும் 13 கோடிக்கும் அதிகமானவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள். இந்த எண்ணை வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். நம் தாத்தா காலத்தில் இது இந்த அளவுக்கு இல்லை. இரண்டு தலைமுறைக்குள் ஒரு ஜனத்தொகையின் மரபணு மாறிவிடாது. அதே மாதிரி, 10 கோடிப் பேருக்கு ஒரே சமயத்தில் வாய்க்கட்டுப்பாடு போய்விட்டது என்பதையும் நம்ப முடியவில்லை. நடுவில் மாறியது வேறு என்னவோ. சோற்றின் அளவு, எண்ணெய், உட்கார்ந்தே பார்க்கும் வேலை, தெருவுக்கு நாலு பேக்கரி.

சரி, அப்படியானால் ஒரு ஆள் எவ்வளவுதான் செய்ய முடியும்? இதற்கு நான் எல்லோரிடமும் சொல்லும் ஆய்வு ஒன்று சென்னையில் நடந்தது. டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் செய்தது, 2006இல் வெளிவந்தது. சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருந்த 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான பொது ஆலோசனையோடு சரி, இன்னொன்றுக்குச் சாப்பாடு, நடை பற்றித் தொடர்ந்து ஆலோசனை, மூன்றாவதற்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, நான்காவதற்கு ஆலோசனையும் மாத்திரையும். மூன்று வருடத்தில் முதல் குழுவில் நூற்றுக்கு 55 பேருக்கு சுகர் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றச் சொன்ன குழுவில் 39. மாத்திரைக் குழுவிலும் கிட்டத்தட்ட அதே 40. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்த எண்களை நான் இப்படிப் படிப்பேன். தோராயமான கணக்குதான், புள்ளியியல் படித்தவர்கள் மன்னிக்கவும். நூறு பேரில் 45 பேர் எதையும் மாற்றாமலே தப்பித்தார்கள். 39 பேருக்கு மாற்றச் சொல்லியும் வந்தது. இந்த 39 பேரும் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை, ஆனால் அவர்களில் நிச்சயம் ஒழுங்காகச் செய்தவர்களும் உண்டு. நடுவில் மிச்சமிருக்கும் 16 பேருக்குத்தான் சாப்பாட்டு மாற்றம் தலையெழுத்தை மாற்றியது. தான் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆகவே உங்கள் டாக்டர் சொன்ன "எல்லாம் உங்க கையில" என்பதில் "எல்லாம்" தப்பு. அண்ணன் சொன்ன "விடுடா"வும் தப்பு. 16 சின்ன எண்ணிக்கையே இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு வரிசை ஆட்கள்.

நீங்கள் உடனே கேட்பீர்கள், எனக்குத்தான் ஏற்கனவே வந்துவிட்டதே என்று. நியாயம். வந்த பிறகு என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனில் நடந்த டைரக்ட் என்ற ஆய்வைச் சொல்லலாம். சுகர் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்த, இன்சுலின் போடாத, பருமனான சுமார் 300 பேர். அதில் பாதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை வழக்கமான சாப்பாட்டையே நிறுத்திவிட்டு, ஒரு நாளைக்கு 850 கலோரி அளவில் கரைத்துக் குடிக்கும் உணவு மட்டும் கொடுத்தார்கள், கூடவே நர்ஸோ டயட்டீஷியனோ தொடர்ந்து பார்த்துக்கொண்டார்கள். ஒரு வருடம் கழித்து 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. இரண்டாவது வருட முடிவில் அது 36 ஆகக் குறைந்தது. அங்கே எடை 100 கிலோவுக்குப் பக்கம் இருந்தவர்கள், நம்மில் 65 கிலோ ஆளுக்கு இதே கணக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தயவுசெய்து வீட்டில் தனியாக முயற்சி செய்யவும் வேண்டாம். நான் இதை எடுத்ததற்குக் காரணமே வேறு. வெற்றிபெற்ற அந்த முறையில், என்ன சாப்பிடுவது என்ற முடிவையே அந்த மனிதர்கள் கையிலிருந்து சில மாதங்களுக்கு வாங்கிவிட்டார்கள். தினமும் மூன்று வேளை தட்டு முன்னால் உட்கார்ந்து தன்னோடு மல்லுக்கட்டும் வேலை அவர்களுக்கு இல்லை.

இதே விஷயத்தை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுவது 2019இல் அமெரிக்காவில் கெவின் ஹால் என்பவர் செய்த சோதனை. 20 பேரை ஒரு மாதம் ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்தார்கள். இரண்டு வாரம் பாக்கெட் உணவு, இரண்டு வாரம் சமைத்த சாதாரண உணவு. தட்டில் வைத்த சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் இரண்டிலும் சமமாகப் பார்த்துக்கொண்டார்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். பாக்கெட் உணவு கிடைத்த நாட்களில் அதே ஆட்கள் தினமும் ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஆள் மாறவில்லை, குணம் மாறவில்லை, எதிரே வைத்தது மட்டும் மாறியது. 20 பேர், இரண்டு வாரம் என்பது சின்ன ஆய்வுதான். ஆனால் நான் தினமும் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

மன உறுதி என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதைப் பற்றி. மன உறுதி ஒரு தசை மாதிரி, காலையில் இருந்து செலவழித்தால் சாயங்காலம் தீர்ந்துவிடும், அதனால்தான் நாலு மணிக்குப் போண்டாவிடம் தோற்கிறோம் என்று ஒரு கொள்கை ரொம்ப நாள் ஓடியது. நானே வகுப்பெடுக்கும்போது சொல்லியிருக்கிறேன். 1998இல் முள்ளங்கியையும் சாக்லேட்டையும் வைத்துச் செய்த பரிசோதனையில் தொடங்கியது அது. 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, 2000க்கும் அதிகமான பேரை வைத்து அந்தக் கொள்கையை மறுபடி சோதித்தபோது பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே இதை இப்போது சந்தேகக் கணக்கில் வைத்திருக்கிறேன். நாலு மணிப் போண்டாவுக்குப் பெரிய மனோதத்துவம் எதுவும் வேண்டியதில்லை. மதியம் ஒரு மணிக்குச் சோறு மட்டும் நிறையச் சாப்பிட்டவனுக்கு நாலு மணிக்குப் பசிக்கும், பக்கத்துச் சீட்டுக்காரர் பொட்டலத்தைப் பிரிப்பார், அவ்வளவுதான்.

"21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்" என்பதையும் தூக்கிப் போடுங்கள். நீங்கள் மூன்று வாரத்தில் உடைவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுகிறது. 21 நாள் ஆனது, இன்னும் வாய் நமநமவென்கிறது, அப்போ நமக்கு ராசியில்லை என்று விட்டுவிடுகிறோம். லண்டனில் 2010 வாக்கில் 96 பேரிடம் பார்த்ததில், ஒரு சின்னப் பழக்கம் யோசிக்காமல் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரைக்கும் போகும் என்று கணக்கிட்டார்கள். அதில் இன்னொன்றும் கண்டார்கள், நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. கல்யாணத்தில் சாப்பிட்ட அந்த மத்தியானம் உங்களைக் கெடுக்கவில்லை. "சரி, கெட்டுப்போச்சு, இனி ஒண்ணாம் தேதியிலிருந்து பார்த்துக்கலாம்" என்று மிச்ச 20 நாளையும் கையைக் கழுவினீர்களே, அதுதான் கெடுத்தது.

இப்போது பொறுப்புக்கு வருகிறேன். ஒரு விசைத்தறிக்காரர் என்னிடம் வந்துகொண்டிருந்தார், உங்கள் வயதுதான். சோற்றைக் குறைத்துவிட்டேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார், சராசரி 9க்குக் கீழே இறங்கவே இறங்காது. ஒரு நாள் அவர் மனைவியையும் வரச் சொல்லி, வீட்டில் அரிசி அளக்கும் டம்ளரை எடுத்து வரச் சொன்னேன். எவர்சில்வர் டம்ளர், விளிம்பில் சீர்வரிசைப் பெயர் வெட்டியது. என் தராசில் தலைதட்டி நிறுத்ததில் 180 கிராம் அரிசி பிடித்தது. எத்தனை போடுவீங்க என்றேன். நாலு பேருக்கு மூணு டம்ளர், கல்யாணம் ஆனதிலிருந்தே மூணுதான், மாமியார் சொல்லிக்கொடுத்தது என்றார். அதாவது 540 கிராம். பிள்ளைகள் இரண்டும் கொறிக்கும், அந்த அம்மாவும் கம்மி. பாதி, அதாவது 270 கிராம் அரிசி, அவர் மதியக் கேரியரிலும் ராத்திரித் தட்டிலும் போகிறது. ஐசிஎம்ஆரின் ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி 2000 கலோரிச் சாப்பாட்டுக்கு அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்தே ஒரு நாளைக்கு 250 கிராம் என்கிறது. காலை இட்லிக் கணக்கு இன்னும் வரவே இல்லை.

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. தட்டில் போட்ட பிறகு ஒரு கரண்டியைக் குறைத்துத்தான் சாப்பிட்டிருக்கிறார். ஆனால் கேரியரில் அடைத்து வந்ததை மிச்சம் வைத்துத் திருப்பிக் கொண்டுபோக யாருக்கு மனசு வரும்? அவருடைய சாப்பாடு காலை ஏழு மணிக்கு, அவர் தறிக்குப் போன பிறகு, அந்த டம்ளரில் முடிவாகிவிடுகிறது. அன்றைக்கு நாங்கள் பேசி முடிவெடுத்தது ஒன்றே ஒன்று, மூன்றை இரண்டாக்குவது, அந்த இடத்தைக் காயும் பருப்பும் முட்டையும் பிடிப்பது. முதல் வாரம் பசி என்று புலம்பினார். நான்கு மாதத்தில் 7.6க்கு வந்தார். ஒரு ஆள் கதையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அவருக்கு அந்தச் சமயத்தில் மாத்திரையும் மாற்றினார்கள். ஆனாலும் நான் பொறுப்பு என்ற வார்த்தையை அன்றிலிருந்து தட்டில் தேடுவதை விட்டுவிட்டு டம்ளரில் தேடுகிறேன்.

நீங்கள் கேள்வியோடு எழுதியிருந்த சாப்பாட்டுப் பட்டியலையும் அதே கண்ணோடு பார்த்தேன். "ராத்திரி சாதமே கிடையாது, நாலு தோசைதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். மாவு ஆட்டுகிற வீட்டில் கேட்டுப் பாருங்கள், நாலுக்கு ஒன்று, நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. தோசையும் சோறுதான், எண்ணெயில் தேய்த்த சோறு. சில நாள் நாலு சப்பாத்தி என்கிறீர்கள். ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு என்று வைத்தால் ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து, நாலுக்கு 80. 100 கிராம் அரிசியிலும் கிட்டத்தட்ட அதே 78தான். சோற்றிலிருந்து சப்பாத்திக்கு மாறியதில் நார்ச்சத்து கொஞ்சம் கூடியிருக்கும், அது நல்லதுதான், ஆனால் அளவில் ஒன்றும் குறையவில்லை. அப்புறம் நாலு டீ. கடை டீயில் தாராளமாக இரண்டு ஸ்பூன், பத்து கிராம். நாலுக்கு 40. மேலே சொன்ன அதே வழிகாட்டி சர்க்கரைக்குச் சொல்லும் உச்சம் 25 கிராம்தான், அதுவும் நோய் இல்லாதவர்களுக்கு. உங்கள் விஷயத்தில் நான் முதலில் கை வைப்பது டீயில். சோற்றைக் குறைப்பதைவிடச் சுலபம், பத்து நாளில் நாக்கு பழகிவிடும். அதுவும் 66 நாளா என்று கேட்காதீர்கள், இது நான் பார்த்துச் சொல்வது.

காசு விஷயத்தையும் மறைக்காமல் பேசிவிட வேண்டும், ஏனென்றால் மாற்றிக்கொள் என்று சொல்கிற நிறைய பேர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ரேஷனில் அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011 ஜூனிலிருந்து விலையே இல்லை. பீன்ஸும் முட்டையும் அப்படி வருவதில்லை. தலைக்கு 400 கிராம் காய் என்றால் நாலு பேர் வீட்டுக்குத் தினமும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். நான் கேட்டவரை இங்கே பல வீடுகளில் வாங்குவது ஒரு நாளைக்குக் கால் கிலோ. இதற்காக ரேஷன் அரிசியைக் குறை சொல்கிறவர்களோடு நான் சண்டை போடுவேன். என் ஆத்தாவின் சின்ன வயதில் நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும், மாப்பிள்ளை வீட்டார் வந்தாலும்தான். மற்ற நாளெல்லாம் கம்பும் சோளமும் ராகிக் களியும். வெள்ளைச் சோறு தினமும் வயிறு நிறையக் கிடைத்தது அந்தத் தலைமுறைக்கு ஒரு விடுதலை. அவரிடம் போய், உன் பேரனுக்குக் களி கிண்டிப் போடு என்றால், "என் பேரன் என்ன பாவம் பண்ணுனான்" என்றுதான் கேட்பார். கேட்டார். ஆகவே உங்கள் அம்மா தட்டில் இன்னொரு கரண்டி வைத்தால், அதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். விலை குறைந்த வழிகள் உண்டு. சுரைக்காய், பூசணி, முட்டைக்கோஸ், கொல்லையில் இருந்தால் முருங்கைக்கீரை, நம் பக்கத்துக் கொள்ளு, தட்டைப்பயறு, தினமும் ஒரு முட்டை.

இதில் என் தப்பும் ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் அச்சடித்த டயட் சார்ட் ஒன்று வைத்திருந்தோம். காலை ஓட்ஸ், பதினொரு மணிக்கு வெள்ளரி, நாலு மணிக்கு சர்க்கரை போடாத கிரீன் டீ. பஸ் கண்டக்டர் ஒருவரிடம் அதை நீட்டினேன். அவர் முழுக்கப் படித்துவிட்டு, "மேடம், பதினோரு மணிக்கு நான் பஸ்ஸில நிப்பேனுங்க, வெள்ளரிக்காய எங்க வெச்சுத் திங்கறது" என்றார். நான் அவரிடம் மனசு வைத்தால் முடியும் என்று சொன்னேன். அவர் அதற்கப்புறம் வரவே இல்லை. ஃபைலில் "ஒத்துழைப்பு இல்லை" என்று நான்தான் எழுதினேன். இன்றைக்கு அதை எழுதியிருந்தால் அந்த வார்த்தையை என் பெயருக்கு நேரே போட்டிருப்பேன்.

உங்கள் மனைவி சொன்னதைப் பற்றிக் கொஞ்சம். "வாயைக் கட்ட முடியலேன்னா நான் என்ன பண்றது" என்பது அலுப்பில் வந்த பேச்சு. யோசித்துப் பாருங்கள், சமைப்பதும் அவர், கேரியர் கட்டுவதும் அவர், இப்போது உங்களுக்குத் தனிச் சமையல், பிள்ளைகளுக்குத் தனிச் சமையல் என்றால் அதுவும் அவர் தலையில். உங்கள் சுகருக்கு அவரை வார்டனாக்குவது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது. பொறுப்பு உங்களுடையது என்றால் காயை வாங்கி நறுக்கி வைக்கும் வேலையாவது உங்களுடையதாக இருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் சந்தைக்கு நீங்கள் போங்கள். ராத்திரி அடுத்த நாளைக்கான காயை நறுக்கி டப்பாவில் போட்டு வையுங்கள். ஆண்கள் இதைக் கேட்டதும் சிரிக்கிறார்கள், ஆனால் செய்தவர்கள்தான் நிலைத்தார்கள், என் அனுபவம் அதுதான். உங்களுக்கென்று தனிச் சாப்பாடு வேண்டாம், எல்லோருக்கும் ஒரே சமையல், உங்கள் தட்டில் மட்டும் அளவு மாறட்டும்.

விசேஷ வீடுகள். இதில் மட்டும் மன உறுதி கொஞ்சம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் "சுகர் இருக்கு, வேண்டாங்க" என்று சொன்னால் பந்தியில் நாலு பேர் நாலு வைத்தியம் சொல்வார்கள், கடைசியில் "ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆவாது" என்று ஜாங்கிரியை வைத்துவிட்டுப் போவார்கள். நான் சொல்லிக்கொடுப்பது, வேண்டாம் என்பதற்குப் பதில் எதையாவது கேட்டு வாங்குங்கள். "பொரியல் இன்னொரு கை வைங்க", "மோர் இருக்குங்களா". கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஆளைப் பரிமாறுகிறவருக்குப் பிடிக்கும், உபசாரமும் நிறைவேறிவிடும், இலையில் இடமும் அடைந்துவிடும். இனிப்பு வைத்துவிட்டால் பாதி சாப்பிடுங்கள், ரசித்துச் சாப்பிடுங்கள். ராத்திரி வழக்கப்படி வீட்டுச் சாப்பாடு.

நிறைய பேர் கேட்கும் மற்ற யோசனைகளில் எனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று சுருக்கமாகச் சொல்கிறேன். காய், பருப்பு, முட்டையை முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோறு: சின்ன ஆய்வுகள்தான், ஆனால் சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரை குறைவதைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன, காசும் செலவில்லை, செய்யலாம். சின்னத் தட்டில் சாப்பிட்டால் குறைவாகச் சாப்பிடுவோம் என்பது: இந்த வகை ஆய்வுகளைப் பிரபலமாக்கிய அமெரிக்கப் பேராசிரியர் பிரையன் வான்சிங்கின் பல கட்டுரைகள் 2018 வாக்கில் திரும்பப் பெறப்பட்டுவிட்டன, ஆகவே பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். சிறுதானியம்: முழுசாக வேகவைத்துச் சோறாகச் சாப்பிட்டால் பலன் உண்டு. 2023ஐ ஐநா சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததிலிருந்து கடையெல்லாம் சிறுதானிய பிஸ்கட்டும் நூடுல்ஸும். அதெல்லாம் பாக்கெட் உணவுதான். ராகியை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் அதுவும் வேகமாக ஏற்றும், மீட்டர் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெந்தயம்: கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது, தரம் சுமார், மாத்திரைக்குப் பதிலாக ஆகாது.

கடைசியாக அந்த வெறுப்பு. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் டெஸ்ட்டுக்கு முந்தைய இரண்டு நாள் பாதிப் பட்டினி கிடந்துவிட்டு வருவார்கள், வெறும் வயிற்றுச் சர்க்கரை 110 என்று வரும், முகத்தில் ஒரு பெருமை. பிறகு மூன்று மாத சராசரி வரும், 9. பள்ளிக்கூடத்துப் பரீட்சை மாதிரி எங்களிடம் பாஸ் வாங்கப் பார்க்கிறார்கள். இது எங்களால் வந்தது, திட்டி வளர்த்த வினை. அதிகம் வெட்கப்படுகிறவர்கள்தான் முதலில் வராமல் போகிறார்கள், கண்ணையும் காலையும் காட்டாமல் விடுகிறார்கள், பிறகு புண்ணோடு வருகிறார்கள். உங்கள் மேல் வெறுப்பு வந்தாலும் வரட்டும், அடுத்த டெஸ்ட் தேதியை மட்டும் தள்ளாதீர்கள். ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் அடக்க முடியாமல் சாப்பிடுவது, சாப்பிட்டு வாந்தி எடுப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் நாள் கணக்கில் இருப்பது, இதில் ஏதாவது இருந்தால் அது என் கைக்கு மேலே போன விஷயம், மனநல டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற அரசு எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போகாதீர்கள். என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. கிளிமிபிரைடு மாதிரியானவையோ இன்சுலினோ இருந்தால், சோற்றை நாளைக்கே பாதியாக்கினால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, கண் இருட்டு வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். அளவைக் குறைக்கப் போகிறேன் என்று டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள், அவர் டோஸை மாற்ற வேண்டியிருக்கும். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு) கூடுதலாக இருந்தால் நான் சொன்ன பருப்பு, முட்டைக் கணக்கும் உங்களுக்குப் பொருந்தாது.

இந்த வாரத்துக்கு ஒரே வேலை. உங்கள் வீட்டு அரிசி டம்ளரை மளிகைக் கடைக்கு எடுத்துப்போய் எவ்வளவு பிடிக்கிறது என்று நிறுத்துப் பாருங்கள், எத்தனை டம்ளர், எத்தனை பேர், அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று எழுதி இங்கேயே போடுங்கள், மிச்சத்தை அதை வைத்துப் பேசலாம். அப்புறம், அந்த அண்ணன் கடைசியாக எப்போது சுகர் பார்த்தார்? அதே அப்பா, அதே வயசுக் கூட்டம், அவரையும் இழுத்துக்கொண்டு போங்கள். அதே பானையில்தான் உங்கள் மனைவியும் சாப்பிடுகிறார், பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததையும், வீணாகக்கூடாதென்று ராத்திரி மீந்ததையும் சேர்த்து. அவருக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.